ராங் சைடில் வந்து காலை உடைத்தவருக்கு என்ன தண்டனை?

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. தம்பிக்கு வயது 28, எலக்ட்ரீஷியன். மூன்று வாரம் முன்பு இரவு எட்டரை மணிக்கு வேலை முடிந்து பைக்கில் வந்தபோது, நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் ராங் சைடில் வந்த கார் மோதியது. ஓட்டியவர் கையில் போன் இருந்தது. ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தியவர், கூட்டம் சேர்வதைப் பார்த்ததும் கிளம்பிவிட்டார். எதிரே இருந்த டீக்கடைக்காரர் நம்பரைக் குறித்துக்கொண்டார். தம்பிக்கு வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆரில் 281, 125(ஏ) என்று இரண்டு பிரிவுகள் போட்டிருக்கிறார்கள். ஸ்டேஷனில் கேட்டால் "ஆயிரம் ரூபாய் ஃபைனோட முடிஞ்சிரும்" என்கிறார்கள். செய்தியில் பத்து வருடம் ஜெயில் என்று படித்தீர்கள். கார்க்காரர் தரப்பில் ஒருவர் 20,000 ரூபாயோடு ஆஸ்பத்திரிக்கு வந்து போயிருக்கிறார். இதில் எது உண்மை, இப்போது என்ன செய்வது என்பது உங்கள் கேள்வி.

இருபது வருடத்துக்கு மேல் மாவட்ட நீதிமன்றத்தில் விபத்து வழக்குகள் நடத்துகிறேன். உங்கள் நிலையில் நிறையக் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓட்டியவருக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்பது பெரும்பாலும் முதல் சில வாரங்களில் ஃபைலில் என்ன ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. உங்களுக்கு மூன்று வாரம் போய்விட்டது, இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் அந்த இரண்டு வதந்திகளையும் தீர்த்துவிடுவோம். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

ஆயிரம் ரூபாய் என்பது 281 ஆம் பிரிவிலிருந்து வருகிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்., நடைமுறையில் இருக்கிறது. பழைய 279 தான் இன்றைய 281. பொதுச் சாலையில் மனித உயிருக்கு ஆபத்து வரும் விதமாக வண்டி ஓட்டினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவுக்கு யாருக்கும் அடிபட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஓட்டிய விதமே குற்றம். அடிபட்டதற்குத் தனிப் பிரிவு உண்டு, அது 125. அதில் (ஏ) என்பது சாதாரணக் காயம்: 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். (பி) என்பது கொடுங்காயம்: 3 வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் இதே குற்றத்துக்கு 2 வருடமும் 1,000 ரூபாயும்தான் உச்சம். புதுச் சட்டம் ஏற்றியிருக்கிறது.

பத்து வருடம் என்று நீங்கள் படித்தது 106(2). கவனக்குறைவாக ஓட்டி ஒருவர் இறந்து, ஓட்டியவர் போலீசுக்கோ நீதிபதிக்கோ தெரிவிக்காமல் ஓடிவிட்டால் 10 வருடம் வரை சிறை என்பது அந்தப் பிரிவு. 2024 ஜனவரியில் வடமாநிலங்களில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததே இதை எதிர்த்துத்தான். அதன் பிறகு, ஜூலை 1 அன்று மற்றப் பிரிவுகளெல்லாம் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஓர் உட்பிரிவை மட்டும் மத்திய அரசு நிறுத்தி வைத்துவிட்டது. உயிரிழப்புக்கு நடைமுறையில் இருப்பது 106(1), 5 வருடம் வரை சிறையும் அபராதமும். முன்பு இது 304ஏ, 2 வருடம். ஆக, அந்தப் பத்து வருடம் தம்பியின் வழக்குக்கு எந்த வகையிலும் பொருந்தாது. அவர் உயிரோடு இருக்கிறார், அதுவே பெரிய ஆறுதல்.

சரி, தம்பியின் வழக்குக்கு எந்தப் பிரிவு வரவேண்டும்? 125(பி). சந்தேகமே வேண்டாம்.

கொடுங்காயம் என்றால் உயிருக்குப் போராடும் நிலை என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பி.என்.எஸ். 116 எட்டு வகைக் காயங்களைச் சொல்கிறது. கண் பார்வை நிரந்தரமாகப் போவது, காது கேளாமல் போவது, உறுப்போ மூட்டோ இழப்பது, அதன் செயல் நிரந்தரமாகக் குறைவது, முகம் சிதைவது என்று போகும் அந்தப் பட்டியலில் எலும்பு முறிவும் ஒன்று. விரல் எலும்பு முறிந்தாலும் போதும், பல் உடைந்தாலும் போதும். இவை எதுவும் இல்லாவிட்டாலும் 15 நாட்கள் கடும் வலியில் இருந்தால், அல்லது அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போனால், அதுவும் கொடுங்காயம்தான். பழைய சட்டத்தில் இது 20 நாட்களாக இருந்தது. இரண்டு எலும்பு முறிந்து பிளேட் வைத்த ஒருவரின் வழக்கில் 125(ஏ) மட்டும் நிற்பது முழுக்கத் தவறு.

ஆனால் இதில் யாரும் சதி செய்தார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். எஃப்.ஐ.ஆர். போடுகிற நேரத்தில் பெரும்பாலும் எக்ஸ்ரே வந்திருக்காது. ஆஸ்பத்திரியில் முதலில் எழுதும் விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். காப்பி என்பார்களே அதில், "வலது காலில் வீக்கம், வலி, ரத்தக் காயம்" என்றுதான் இருக்கும். அதை வைத்து (ஏ) போட்டிருப்பார்கள். பிறகு மருத்துவர் தரும் காயச் சான்றிதழில் "எலும்பு முறிவு, கொடுங்காயம்" என்று வந்ததும், விசாரணை அதிகாரி பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்தக் காயச் சான்றிதழ் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சேராமல் மாதக்கணக்கில் கிடக்கும். அங்கேதான் வழக்கு தேங்குகிறது. தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தால் இன்னும் தாமதமாகும். யாராவது ஒருவர் பின்னாலேயே அலைந்தால்தான் நடக்கும், அந்த ஒருவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டியிருக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த ஒரு எழுத்து மாறுவதில் தண்டனை அளவைத் தாண்டி, வழக்குக்கான கால அவகாசமும் மாறுகிறது. ஒரு குற்றத்துக்கு அதிகபட்சச் சிறை ஒரு வருடமோ அதற்குக் கீழோ என்றால், அவகாசம் ஒரு வருடம். ஒரு வருடத்துக்கு மேல் மூன்று வருடம் வரை என்றால் மூன்று வருட அவகாசம். இதைக் குற்ற வழக்குகளின் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 514 சொல்கிறது, பழைய நடைமுறைச் சட்டத்தில் 468. புதுச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவான நாளை வைத்துத்தான் இந்த அவகாசத்தைக் கணக்கிட வேண்டும், ஆகவே குற்றப்பத்திரிகை தாமதமாக வந்தது என்பதற்காக மட்டும் வழக்கைத் தள்ள முடியாது.  ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

அடுத்தது மோட்டார் வாகனச் சட்டம். உங்கள் எஃப்.ஐ.ஆரில் இது ஒரு வரிகூட இல்லை என்பதைத்தான் நான் பெரிய குறையாகப் பார்க்கிறேன். பிரிவு 184 ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றியது. 2019 திருத்தத்தில் எவையெல்லாம் ஆபத்தான ஓட்டுதல் என்று பெயர் சொல்லியே எழுதிவிட்டார்கள்: சிவப்பு விளக்கைத் தாண்டுவது, நிறுத்தக் குறியை மீறுவது, ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது, விதிக்கு மாறாக முந்துவது, போக்குவரத்துத் திசைக்கு எதிராக ஓட்டுவது. உங்கள் வழக்கில் இவற்றில் இரண்டு இருக்கின்றன. முதல் முறை என்றால் 6 மாதத்துக்குக் குறையாமல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 2 வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்.

184 இல் தண்டிக்கும் நீதிமன்றமே, அவர் குறிப்பிட்ட காலத்துக்கு ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கத் தகுதியற்றவர் என்றும் அறிவிக்கலாம். பிரிவு 20 அந்த அதிகாரத்தைத் தருகிறது. என் அனுபவத்தில் பலருக்கு அபராதத்தைவிட இதுதான் உறைக்கிறது. பத்தாயிரம் ரூபாயைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு அன்று மாலையே காரில் போகிறவர், லைசென்ஸ் இல்லாமல் ஒரு வருடம் பஸ்ஸில் போக நேர்ந்தால் அந்தச் சாலையை மறக்க மாட்டார். குற்றப்பத்திரிகையில் 184 இருந்தால் இதைக் கேட்பது எளிது. இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஓடிப் போனதற்கும் தனிக் குற்றம் உண்டு. விபத்தில் சிக்கிய ஓட்டுநர் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழி செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பிரிவு 134 சொல்கிறது. கூட்டம் அடிக்கும் என்ற பயம் நியாயமானதாக இருந்தால், அங்கே நின்று உதவாததற்கு அது காரணமாகலாம், சட்டமே அதை ஒப்புக்கொள்கிறது. அப்படியே இருந்தாலும், பத்திரமான இடத்துக்குப் போன பிறகு 108 க்கு ஒரு போன், பக்கத்து ஸ்டேஷனுக்கு ஒரு தகவல் சொல்வதைக் கூட்டம் எப்படித் தடுத்திருக்கும்? இவர் மறுநாள் மதியம் வரை யாருக்கும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 24 மணி நேரம் முடிவதற்குள் அவரே தகவல் சொன்னாரா, போலீஸ் நம்பரை வைத்துத் தேடிப் பிடித்ததா என்பது ஃபைலில் பதிவாக வேண்டும். இதற்கான தண்டனை பிரிவு 187 இல்: 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

"அன்றைக்கே ஜாமீனில் விட்டுவிட்டார்கள், காசு வாங்கிவிட்டார்களோ" என்று கேட்டிருந்தீர்கள். அப்படி நினைக்க வேண்டாம். 281, 125(ஏ), 125(பி) எல்லாமே ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். உயிர் போனதற்கான 106(1) கூட அப்படித்தான். ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்பது அவருடைய உரிமை. அந்தக் கோபத்தில் இருக்கும் சக்தியை வேறு இடத்தில் செலவழிக்க வேண்டும்.

அந்த இடம் சாட்சியம். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விபத்து வழக்குகளில் பெரும்பாலானவை தோற்பது இங்கேதான்.

உங்கள் எஃப்.ஐ.ஆரை எடுத்துப் பாருங்கள். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி" என்று ஒரு வாக்கியம் இருக்கும். தமிழ்நாட்டில் எந்த ஊர் ஸ்டேஷனில் எழுதினாலும் இந்த வார்த்தைகள்தான். பார்க்கப் பலமாகத் தெரியும், ஆனால் நீதிமன்றத்தில் இதற்குத் தனியாக எந்த எடையும் கிடையாது. கர்நாடகத்தில் ஒரு லாரி கவிழ்ந்து 15 பேர் இறந்த வழக்கில், சாட்சிகள் எல்லாரும் "வேகமாக ஓட்டினார்" என்று மட்டும் சொன்னார்கள். வேகம் என்பது ஒப்பீட்டுச் சொல், எது வேகம் என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை, வேகம் மட்டுமே கவனக்குறைவு ஆகாது என்று 1998 இல் உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது. பதினைந்து உயிர் போயும் அப்படி. இன்றைக்கும் எதிர்த்தரப்பு வக்கீல்கள் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

நான் நேரில் பார்த்த ஒரு குறுக்கு விசாரணையைச் சொல்கிறேன். சாட்சிக் கூண்டில் நின்றவர் ஒரு டீக்கடைக்காரர், உங்கள் வழக்கைப் போலவே. நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர்.

"வண்டி எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தது?"

"அதெல்லாம் தெரியாதுங்க. வேகமா வந்துச்சு."

"அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"டீ ஆத்திக்கிட்டு இருந்தேங்க."

"சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தீர்கள்?"

"ஆமாங்க."

அவ்வளவுதான். வழக்கு அந்த மூன்றாவது பதிலில் முடிந்தது. அடிபட்ட பையனின் அப்பா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார், என்ன நடந்தது என்றே அவருக்குப் புரியவில்லை. டீக்கடைக்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் உண்மையில் பார்த்தது வேறு விஷயங்கள்: கார் எந்தத் திசையைப் பார்த்து நின்றது, கண்ணாடித் துண்டுகள் சாலையின் எந்தப் பாதியில் கிடந்தன, டயர் தேய்ந்த தடம் எங்கே தொடங்கியது, அடிபட்ட பையன் எந்த ஓரத்தில் விழுந்திருந்தான். இதையெல்லாம் போலீஸ் வாக்குமூலத்தில் எழுதவே இல்லை. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

உங்கள் வழக்கில் வேகம் ஒரு பொருட்டே இல்லை. முப்பது கிலோமீட்டரில் வந்தாலும் ராங் சைடு ராங் சைடுதான். ஆகவே ரஃப் ஸ்கெட்ச் என்று சொல்லும் சம்பவ இட வரைபடத்தில் திசைகள் சரியாக இருக்கிறதா என்பதுதான் உயிர்நாடி. எந்தப் பக்கம் ஊர், எந்தப் பக்கம் நெடுஞ்சாலை, மோதிய இடம் சாலை ஓரத்திலிருந்து எத்தனை அடி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வரைபடத்தில் திசை மாறிப் போய், ராங் சைடில் வந்தவர் சரியான பக்கத்தில் வந்தவராக ஆகிவிட்ட ஃபைல்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல, ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் வரைந்ததன் கோளாறு.

போன் விஷயத்துக்கு ஓட்டியவரின் அழைப்பு விவரம் வேண்டும். அதை நீங்கள் வாங்க முடியாது, விசாரணை அதிகாரி தொலைபேசி நிறுவனத்திடம் கேட்க வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, இன்ன தேதி, இன்ன நேரம், இதை வாங்கி ஃபைலில் சேர்க்க வேண்டும் என்று எழுத்தில் மனு கொடுத்து, ஏற்புக் கையெழுத்து வாங்கிக்கொள்வது. அதேபோல சி.சி.டி.வி. கடைகளில் வைத்திருக்கும் கேமராக்களில் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். பெட்ரோல் பங்க், ஏ.டி.எம்., மண்டபம் எதுவானாலும் இன்றைக்கே போய்க் கேளுங்கள். பென் டிரைவில் காப்பி எடுத்தால் மட்டும் போதாது, பாரதிய சாட்சிய சட்டம் 63(4) கேட்கிற சான்றிதழும் அதோடு வேண்டும். அது இல்லாமல் அந்தக் காட்சியைச் சாட்சியமாக ஏற்க வைப்பது கடினம். ஒரிஜினல் கருவியைப் போலீசே கைப்பற்றச் செய்வது இன்னும் நல்லது.

டீக்கடைக்காரர் சாட்சிக்கு வரப் பயப்படலாம். அவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். விபத்தில் அடிபட்டவரைக் காப்பாற்றியவருக்குச் சட்டம் 2019 முதல் பாதுகாப்புத் தருகிறது, பிரிவு 134ஏ. உதவியதற்காக அவர்மேல் வழக்குப் போட முடியாது, பெயர் முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. அப்படி உதவியவர் சாட்சியாக வருவது அவர் விருப்பம். அவரை மிரட்டியோ கெஞ்சியோ கூப்பிட வேண்டாம். தம்பியே போய் ஊன்றுகோலோடு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் போதும், அவர் வருவார்.

குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் கணக்கே வேறு. உங்கள் வழக்கில் அதற்கு அறிகுறி இல்லை, ஆனாலும் கேட்டிருக்கிறீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185 பாயும்: முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும், மறுமுறை 2 வருடம் வரை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். அதோடு நிற்காது. கவனக்குறைவு என்ற படியிலிருந்து, "இப்படி ஓட்டினால் யாராவது சாவார்கள் என்று தெரிந்தே செய்தார்" என்ற படிக்கு வழக்கை ஏற்ற முடியும். அது கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல், பி.என்.எஸ். 105. சாவு நேராமல் காயத்தோடு போனால் அதன் முயற்சி, 110, அதில் 7 வருடம் வரை சிறை உண்டு.

2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில், நடைபாதையில் தூங்கிய கூலித் தொழிலாளர்கள் மேல் விடியற்காலையில் கார் ஏறி 7 பேர் இறந்தார்கள், 8 பேர் காயமடைந்தார்கள். விசாரணை நீதிமன்றம் கவனக்குறைவு என்று சொல்லி 6 மாதம் கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதை மேல் பிரிவுக்கு மாற்றி 3 வருடம் ஆக்கியது, 2012 இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு, 1999 ஜனவரியில் டெல்லி லோதி சாலையில் மூன்று போலீஸ்காரர்கள் உட்பட 6 பேரைக் கொன்ற கார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் மேல் பிரிவில்தான் குற்றவாளி என்றது. ஆனால் தண்டனையாக, ஏற்கெனவே இருந்த 2 வருடச் சிறை போதும் என்று சொல்லி, 50 லட்சம் ரூபாயும் 2 வருடச் சமூக சேவையும் விதித்தது. ஆறு பேருக்கு இரண்டு வருடம் என்பது எனக்கு இன்றும் ஒப்பவில்லை.

இனி நீங்கள் உண்மையில் கேட்க விரும்பிய இடத்துக்கு வருகிறேன். 3 வருடம் வரை என்று சட்டம் சொல்கிறதே, கொடுப்பார்களா?

உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். "அல்லது" என்ற சொல் 125(பி) யில் இருக்கிறது. முதல் முறை குற்றம் செய்தவர், குடும்பம் உண்டு, வேலை உண்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்றால் அபராதத்தோடு முடிந்த வழக்குகள் நிறைய. உச்ச நீதிமன்றம் இதை விரும்பவில்லை என்பதும் உண்மை. உயிர் போன வாகன வழக்குகளில் நன்னடத்தைப் பிணையில் விடும் சலுகையைச் சாதாரணமாகத் தரக் கூடாது என்று 2000 இல் சொன்னது. பஞ்சாபில் ஒரு விபத்து மரண வழக்கில், 85,000 ரூபாய் இழப்பீடு கொடுத்துவிட்டார் என்று உயர் நீதிமன்றம் ஒரு வருடச் சிறையை அதுவரை இருந்த 24 நாட்களாகக் குறைத்தது. 2015 இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து 6 மாதமாக்கியது, பணம் கொடுத்தால் சிறை வேண்டாம் என்ற எண்ணம் வரக் கூடாது என்பதால். இந்தத் தீர்ப்புகளை அரசு உதவி வழக்கறிஞர் தண்டனை பற்றிய வாதத்தின்போது எடுத்துச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு நாளில் ஐம்பது அறுபது வழக்குகள் இருக்கும். உங்கள் வக்கீல் நீதிமன்ற அனுமதியோடு அவருக்குத் துணையாக இருக்கலாம், எழுத்து மூலமாகவும் வாதம் கொடுக்கலாம். இதைப் பெரும்பாலான குடும்பங்கள் பயன்படுத்துவதே இல்லை. விடுதலை ஆனாலோ, சிறிய பிரிவில் மட்டும் தண்டித்தாலோ, இழப்பீடு போதவில்லை என்றாலோ பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். தண்டனை குறைவு என்பதற்காக மட்டும் என்றால் அரசுதான் போக வேண்டும்.

இப்போது அந்த 20,000 ரூபாய். 125(பி) நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம், 281 அப்படி அல்ல. ஆகவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் வழக்கு முடிந்துவிடும் என்று வந்தவர் சொன்னது தவறு. எந்தத் தாளிலும் தம்பி கையெழுத்துப் போட வேண்டாம். "என் மேலும் தவறு இருக்கிறது, புகார் இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அது நாளைக்கு இழப்பீட்டு வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனியின் கையில் இருக்கும்.

அந்த இழப்பீட்டில் என்ன போகும் என்று தெரிந்தால்தான் 20,000 எவ்வளவு சின்னது என்று புரியும். இழப்பீடு கேட்பது தனி வழக்கு, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில். நம் ஊரில் எம்.சி.ஓ.பி. என்பார்கள். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், இங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். குற்ற வழக்கில் அவர் விடுதலையானாலும் இங்கே நீங்கள் ஜெயிக்கலாம்.

காயத்துக்கான இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது என்று உச்ச நீதிமன்றம் 2010 இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது. இடது கையை இழந்தால் உடல் ஊனம் சுமார் 60 சதவீதம் என்று டாக்டர் எழுதலாம். ஓட்டுநருக்கோ தச்சருக்கோ அது கிட்டத்தட்ட 100 சதவீத வருமான இழப்பு. அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம். ஆகவே டாக்டர் எழுதும் சதவீதத்தை அப்படியே எடுக்காமல், அந்த மனிதரின் தொழிலை அந்தக் காயம் எவ்வளவு பாதித்தது என்று பார்க்க வேண்டும். உங்கள் தம்பி ஏணியில் ஏறுகிறவர். கணுக்கால் மடங்காமல் போனால் மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவரைவிட அவருக்கு நஷ்டம் பல மடங்கு.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். மாத வருமானம் 18,000 என்று நிரூபிக்க முடிந்தால் வருடத்துக்கு 2,16,000. நாற்பது வயதுக்குக் கீழே சுயதொழில் என்பதால் எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் சேர்த்தால் 3,02,400. வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பது வயதைப் பொறுத்தது, இருபத்தெட்டு வயதுக்கு அந்தப் பெருக்கல் எண் 17, ஆக 51,40,800. தொழில் பாதிப்பு 30 சதவீதம் என்று தீர்ப்பாயம் எடுத்தால் 15,42,240 ரூபாய். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்கள், பிளேட்டைப் பிறகு எடுக்க ஆகும் செலவு, வலி, வேதனை எல்லாம் இதற்கு மேல். எல்லாம் சான்றைப் பொறுத்தது, இந்தத் தொகை கிடைத்தே தீரும் என்று சொல்லவில்லை. ஆனால் 20,000 எங்கே, இது எங்கே என்று பாருங்கள். தம்பியின் கூலி நோட்டு, வேலை கொடுத்த மேஸ்திரியின் வாட்ஸ்அப் செய்திகள், ஜிபே வரவுகள், ஒயர்மேன் லைசென்ஸ் இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு கவரில் சேர்த்து வையுங்கள்.

மனுப் போட விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. கால் முழுக்க ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஊனச் சான்றிதழைப் பிறகு தாக்கல் செய்யலாம், மனு முதலில் போகட்டும். போலீசும் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் முதல் கட்டமாகவும், 90 நாட்களுக்குள் விரிவாகவும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 விதிகள் சொல்கின்றன. அனுப்பினார்களா என்று கேளுங்கள், கேட்டால்தான் நகரும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இது. ஆஸ்பத்திரியில் காயச் சான்றிதழ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டதா என்று விசாரியுங்கள். போகவில்லை என்றால் டிஸ்சார்ஜ் சுருக்கம், எக்ஸ்ரே அறிக்கை இரண்டின் நகலையும் வைத்து, பிரிவை 125(பி) க்கு மாற்றவும், மோட்டார் வாகனச் சட்டம் 184, 187 ஐச் சேர்க்கவும், அழைப்பு விவரமும் சி.சி.டி.வி. பதிவும் கைப்பற்றவும் கேட்டு இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ரசீது தர மறுத்தால் அதையே பதிவுத் தபாலில் அவருக்கும் டி.எஸ்.பி.க்கும் அனுப்புங்கள். 90 நாட்களுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிப்பது புதுச் சட்டப்படி அவர்கள் கடமை, அதையும் மனுவின் கடைசி வரியில் மரியாதையாக எழுதுங்கள்.

அப்புறம் தம்பியின் பைக். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை தரும் வரை அதைத் தொட வேண்டாம், ஸ்டேஷனிலிருந்து விட்டுவிட்டார்கள் என்றாலும் மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டாம். முன்சக்கரம் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, இடி எந்தக் கோணத்தில் விழுந்தது என்று நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். உடைந்த ஹெல்மெட்டையும் துடைக்காமல் அப்படியே ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள்.